எச்டி: உயர் வரையறையா, உயர்தெளிவா?

எச்டி என்றால் ஹை டெஃபனிஷன், அது தெரியாதவர் இல்லை. அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று வரும்போதுதான் சிக்கல். இணையத்தில் பல இடங்களில் ‘உயர் வரையறைத் தொலைக்காட்சி’ என்று போட்டு வைத்திருக்கிறார்கள். அகராதியில் டெஃபனிஷனுக்கு நேரே முதலில் கண்ணில் பட்ட பொருளை எடுத்து ஒட்டியதால் வந்த வினை. நம் நீலகிரியில், கோத்தகிரி பஜாரில் டிஷ் விற்கிற கடைக்குப் போய் ‘உயர் வரையறை பாக்ஸ் இருக்கா அண்ணே’ என்று கேட்டுப் பாருங்கள், மேலும் கீழும் பார்ப்பார்.

டெஃபனிஷனுக்குள் இருப்பது ஃபீனிஸ் என்ற லத்தீன் சொல். எல்லை, முடிவு என்று பொருள். ஃபினிஷ், ஃபைனல் எல்லாம் அதே குடும்பம்தான். ஒரு சொல்லின் பொருளுக்கு எல்லை கட்டினால் அது நாம் பள்ளியில் மனப்பாடம் செய்த வரையறை. ஒரு உருவத்தின் விளிம்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கண்ணுக்குப் பளிச்சென்று தெரிந்தால் அதுவும் டெஃபனிஷன். லென்ஸும் கேமராவுமாகப் புழங்கியவர்கள் எடுத்துக்கொண்டது இந்த இரண்டாவது பொருளை. தொலைக்காட்சிக்கு வந்ததும் அதுதான்.

வேரளவில் பார்த்தால் ‘வரையறை’ அப்படி ஒன்றும் தப்பில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். வரை என்பதற்குக் கோடு, எல்லை, மலை என்று பல பொருள் உண்டு, முக்குருத்தியில் மேய்கிற வரையாட்டின் பெயரில் இருப்பது அந்த மலைதான். ஃபீனிஸுக்கு இவ்வளவு நெருக்கமாக வேறு தமிழ்ச்சொல் எனக்குத் தோன்றவில்லை. ஆனால் இன்றைய வழக்கில் வரையறை என்றதும் விதி, வரம்பு, இலக்கணம் இவைதான் நினைவுக்கு வருகின்றன, படத்தின் விளிம்பு யாருக்கும் வருவதில்லை.

அதனால் என் ஓட்டு ‘உயர்தெளிவு’க்கு. தெளிதல் தண்ணீரோடு ஒட்டிய சொல், கலங்கல் அடியில் தங்கி மேலே நீர் தெளிவது. பாடப்புத்தகத்தில் ‘பகுதிறன்’ என்று ஒன்று உண்டு, நெருங்கி இருக்கிற இரண்டு புள்ளிகளை இரண்டாகப் பிரித்துக் காட்டும் திறன். அது ரெசல்யூஷனுக்கு உரியது, 1080, 720 என்று எண்ணில் சொல்கிற இடத்துக்குப் பொருந்தும். உயர்தெளிவுத் தொலைக்காட்சி என்று எழுதலாம், பேச்சில் எச்டி என்றே இருந்துவிட்டுப் போகட்டும்.

சரி, ‘உயர்’ என்றால் எவ்வளவு உயரம்? 1936 நவம்பர் 2-ஆம் தேதி லண்டன் அலெக்ஸாண்ட்ரா பேலஸிலிருந்து பிபிசி தொடங்கிய ஒளிபரப்பையே அன்றைக்கு ஹை டெஃபனிஷன் என்றுதான் சொன்னார்கள். ஒரு முறையில் படம் குறுக்கே 240 வரிகளால் ஆனது, இன்னொரு முறையில் 405 வரி, அவ்வளவுதான். அதற்கு முன்பு தொலைக்காட்சி முன்னோடி ஜான் பேர்டு காட்டிய படம் வெறும் 30 வரி என்பதால் அது உயர்வாகத் தெரிந்திருக்கிறது. இன்று நாம் ‘சாதா’ என்று ஒதுக்குகிற எஸ்டி (ஸ்டாண்டர்டு டெஃபனிஷன்) படத்தில் கண்ணுக்குத் தெரிகிற வரியே 576. இப்போது எச்டி என்றால் 1920-க்கு 1080 புள்ளிகள், குறைந்தது 1280-க்கு 720. இந்தச் சொல்லில் எண் ஒன்றும் ஒளிந்திருக்கவில்லை, முந்தையதைவிடத் தெளிவு என்பது மட்டும்தான் இருக்கிறது. ஆகவே பெட்டியில் எச்டி என்று ஒட்டியிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். சேனல் எச்டியாக வர வேண்டும், செட்டாப் பாக்ஸ் எச்டியாக இருக்க வேண்டும், பாக்ஸிலிருந்து டிவிக்கு எச்டிஎம்ஐ வயர் போக வேண்டும், டிவியும் அதைக் காட்ட வேண்டும். மூன்று நிற ஏவி வயரில் மாட்டிவிட்டு எச்டி பேக்குக்குப் பணம் கட்டிக்கொண்டிருக்கிற வீடுகள் நம் பக்கம் நிறைய. பழைய படங்களை எச்டி சேனலில் இழுத்துப் பெரிதாக்கிப் போடும்போது தெளிவு அதிகமாகிவிடாது, அதற்கு டிஷ்ஷைக் குறை சொல்லிப் பயனில்லை.

இனி செயற்கைக்கோள் வழியாக நம் டிஷ்ஷுக்குச் சேனல்களை அனுப்புகிற கம்பெனி, அதாவது சேவை வழங்குநர். (வழங்குனர் இல்லை, ஓட்டுநர், இயக்குநர் போல இதிலும் ‘நர்’தான்.) சேட்டிலைட் என்பதும் லத்தீன், பெரிய மனிதரின் கூடவே போகிற காவல் ஆள் என்று பொருள். வியாழனைச் சுற்றும் நிலவுகளுக்கு 1611-இல் கெப்ளர் அந்தப் பெயரை வைத்தார், தமிழில் ‘துணைக்கோள்’ அதை அப்படியே பிடிக்கிறது. மனிதன் செய்து அனுப்பியது என்பதால் நமக்குச் செயற்கைக்கோள் நிலைத்துவிட்டது.

மலையில் வழங்குநரைத் தேர்ந்தெடுக்க முதலில் பார்க்க வேண்டியது பேக் விலை இல்லை, அந்தக் கோள் வானத்தில் எங்கே நிற்கிறது என்பது. எல்லாம் நிலநடுக்கோட்டுக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் அசையாமல் நிற்பது போலத் தெரிபவை, ஆனால் இடம் வேறு வேறு. டாடா பிளே வருவது 83 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகைக்கு மேலிருந்து, டிடி ஃப்ரீ டிஷ் 93.5, ஏர்டெல் 108.2. ஊட்டியில் நின்று கணக்குப் போட்டால் 83-இல் இருப்பது தெற்கிலிருந்து கொஞ்சம் கிழக்கே தள்ளி, அடிவானத்திலிருந்து கிட்டத்தட்ட 75 டிகிரி உயரத்தில், ஏறக்குறைய தலைக்கு மேலேயே. 93.5-க்குத் தென்கிழக்கில் 66 டிகிரி. 108.2 என்றால் பார்வை ஏறக்குறைய கிழக்கே திரும்பி 51 டிகிரிக்கு இறங்கிவிடும். சமவெளியில் இந்த வித்தியாசம் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. ஆனால் கிழக்குப் பக்கம் மேடு ஏறி, அதன்மேல் கற்பூர மரம் ஓங்கி நிற்கிற வீட்டுக்கோ, சில்வர் ஓக் சூழ்ந்த எஸ்டேட் லைன் வீட்டுக்கோ, ஒரு கம்பெனி வரும், இன்னொன்று வரவே வராது. பக்கத்து ஹட்டியில் (படுகர் ஊரில்) நன்றாகத் தெரிகிறதே என்பது இங்கே செல்லாத வாதம். இன்னொன்று, தட்டின் முகம் பார்க்கிற திசையை வைத்து அளக்கக் கூடாது. நம் வீட்டு டிஷ் ஆஃப்செட் வகை, முகம் காட்டுகிற இடத்தைவிட இருபது டிகிரிக்கும் மேலாக உயரத்திலிருந்துதான் அலை வந்து விழுகிறது. எதிரே மரம் இல்லை என்று நினைப்போம், மறைப்பது மேலே தொங்குகிற கிளையாக இருக்கும்.

அப்புறம் மழை. கொடைக்கானல் டவரிலிருந்து தூர்தர்ஷனை ஆண்டெனாவில் வாங்கிய காலத்தில் படம் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடும், கொசு பறக்கும், ஆனாலும் ஆளை அடையாளம் தெரியும். டிஜிட்டலில் அந்த நடுநிலை கிடையாது, முழுசாக வரும், இல்லையென்றால் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிடும். கோளிலிருந்து நேரே வீட்டு டிஷ்ஷுக்கு வருகிற டிடிஎச் அலையின் நீளம் இரண்டரை சென்டிமீட்டர் அளவு, பெரிய மழைத்துளி அதைத் தின்றுவிடுகிறது. மூடுபனிக்கு இந்த அலை அசைவதில்லை. பனிமூட்டத்தால் டிவி போச்சு என்று யாராவது சொன்னால் தட்டுக்கு எதிரே கம்பி முனையில் அலையை வாங்குகிற எல்என்பியின் மூடியில் விரிசல் விழுந்து தண்ணீர் இறங்கியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். மலைமேல் இருப்பதால் மழைத் தொல்லை அதிகம் என்கிறார்கள், கணக்கு வேறு மாதிரி: மழைத்துளி உருவாகி விழுகிற உயரம் இங்கே சுமார் 5 கிலோமீட்டர், ஊட்டி ஏற்கெனவே 2,200 மீட்டருக்கு மேலே இருப்பதால் அலை மழைக்குள் கடக்கிற தூரம் கோயம்புத்தூரைவிடக் குறைவு. நம் பிரச்சினை மழை விடாமல் பெய்கிறது என்பதுதான், ஜூன் தொடங்கினால் கூடலூர், தேவாலா. அக்டோபர் வந்தால் குன்னூர், கோத்தகிரி. 60 சென்டிமீட்டர் தட்டுக்குப் பதிலாகக் கொஞ்சம் பெரியதாக மாட்டி, திசையை மீட்டர் வைத்துத் துல்லியமாகத் திருப்பினால் பாதி நாள் தப்பிக்கலாம். படம் வந்துவிட்டது போதும் என்று போல்ட்டை முறுக்கிவிட்டு இறங்குகிற மெக்கானிக்கை ஏணியிலேயே நிறுத்தி, சிக்னல் எவ்வளவு காட்டுகிறது என்று கேளுங்கள்.

விலையில் ஒன்றே ஒன்று. 2019-இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராயின் கட்டண முறை வந்தபோது சேனல்களைத் தனித்தனியாகப் பொறுக்கி எடுக்க வழி கிடைத்தது, அதில் ஒரு எச்டி சேனலை இரண்டு சாதா சேனலாக எண்ணினார்கள். பார்க்கிற நாலைந்து சேனலுக்கு மட்டும் எச்டி போதும். அதே சேனலின் சாதா வடிவத்துக்கும் சேர்த்துப் பணம் போகிறதா என்று பட்டியலை ஒருமுறை பாருங்கள்.

இப்போது கடைகளில் 4கே, அல்ட்ரா எச்டி என்று வந்துவிட்டது, 3840-க்கு 2160. அல்ட்ராசவுண்டை மீயொலி என்று ஏற்கெனவே சொல்வதால் இதை ‘மீயுயர்தெளிவு’ என்று எழுதலாம். டிவி வாங்கிவிடலாம்தான், டிஷ்ஷில் அந்த அளவுக்கு வருகிற சேனல்கள் அரிது, பெரும்பாலும் எச்டியைத்தான் அதில் பார்ப்பீர்கள்.