புலனியக்க வளர்ச்சி: சொல்லும் பொருளும்

அரசாங்க கிளினிக்கில் தாதி குழந்தையின் பதிவுப் புத்தகத்தைப் புரட்டியபடி மலாயில் ‘மோட்டோர் காசார்’, ‘மோட்டோர் ஹாலுஸ்’ என்று சொல்வது கோலாலம்பூரிலும் பினாங்கிலும் தமிழ்த் தாய்மார்களுக்குப் பழகிப்போன ஒன்று. பாலர் பள்ளியில் அதையே பெருந்தசை இயக்கம், நுண்தசை இயக்கம் என்கிறார்கள். இரண்டு வழக்குமே தசையை மட்டும் பேசுகின்றன. தசைக்கு எங்கே, எப்போது, எவ்வளவு என்று தெரிவிப்பது புலன். அதையும் சேர்த்துச் சொல்லும் ‘பெர்செப்சுவல் மோட்டார் டெவலப்மென்ட்’ என்ற துறைச்சொல்லுக்குப் புலனியக்க வளர்ச்சி என்பதே பொருத்தமான தமிழ். புலனறிவும் உடலியக்கமும் ஒன்றையொன்று திருத்திக்கொண்டு வாழ்நாள் முழுதும் மாறிவருவதை இச்சொல் குறிக்கும்.

‘பெர்செப்ஷன்’ இலத்தீன் மூலத்தில் ‘முழுமையாகப் பற்றுதல்’. தமிழிலும் அறிவுக்குக் கைச்சொற்கள் உண்டு: விஷயம் பிடிபடவில்லை, தேடிய பொருள் கண்ணில் தட்டுப்படவில்லை. ‘மோட்டார்’ அசைத்தல் என்னும் இலத்தீன் வினையிலிருந்து வந்தது. ஆனால் ‘மோட்டார் வளர்ச்சி’ என்று எழுதினால் நம் ஊரில் வண்டிதான் நினைவுக்கு வரும், தவிர்ப்பது நல்லது.

‘புலக்காட்சி’ என்ற சொல்லும் பாடநூல்களில் உண்டு. அறிவு எப்படிக் கிடைக்கிறது என்று ஆராயும் அளவையியலில் காட்சி என்பது ஐம்புலனாலும் நேரே அறிவதைக் குறிக்கும் என்றாலும், இன்றைய வாசகருக்கு அது கண்ணோடு நின்றுவிடுகிறது. கண், காது முதலிய உறுப்புகள் பொறிகள். அவற்றால் வரும் அறிவு புலன். தொல்காப்பிய மரபியல் அறிவை அடுக்கும்போது உற்றறிவாகிய தொடுகையை முதலில் வைத்து, நா, மூக்கு, கண், செவி என்று போகிறது. அது உயிர்களை வகைப்படுத்தும் அடுக்கு. ஆயினும் கருவிலும் முதலில் விழிப்பது தொடுகைதான். இன்றைய பொருளில் புலன் என்னும்போது இன்னும் இரண்டைச் சேர்த்தாக வேண்டும்: உட்செவி தரும் சமநிலை உணர்வு, கைகால் எங்கே இருக்கிறது என்று தசையும் மூட்டும் தரும் உணர்வு. இவை இல்லாமல் நிற்பதையோ நடப்பதையோ விளக்க முடியாது.

இச்சொல்லின் உயிர் ‘இயக்கம்’ என்ற பகுதியில் இருக்கிறது. இயங்குதல் தன்வினை, இயக்குதல் பிறவினை. 1963இல் உளவியலாளர்கள் ரிச்சர்ட் ஹெல்டும் ஆலன் ஹைனும் செய்த சோதனை இந்த வேறுபாட்டைத்தான் அளந்தது. இருட்டில் வளர்த்த பூனைக்குட்டிகளை இரண்டிரண்டாக ஒரு சுழல்தண்டில் பூட்டினார்கள். ஒன்று தன் காலால் நடந்தது. மற்றது தொட்டியில் அமர்ந்தபடி அதே சுற்றைச் சுற்றியது. இரண்டும் பார்த்தது கோடுகள் போட்ட ஒரே சுவரைத்தான். பிறகு மேசைமேல் இறக்கியபோது, நடந்த குட்டி முன்காலை நீட்டி மேசைப்பரப்பை எதிர்பார்த்தது. சுமக்கப்பட்ட குட்டி நீட்டவில்லை, கண்ணாடி மூடிய பள்ளத்தையும் ஒதுக்கவில்லை. தாராளமாக நடமாட விட்டபின் அதுவும் கற்றுக்கொண்டது. பார்த்தது போதவில்லை, தன் அசைவால் காட்சி மாறுவதை அனுபவித்திருக்க வேண்டும்.

நம் வீடுகளில் ஸ்பிரிங் ஏணையும் சக்கர வாக்கரும் சாதாரணம். ஏணை தூங்க வைக்கும். அதில் குழந்தை இயக்கப்படுகிறது, இயங்கவில்லை. வாக்கரில் குழந்தை கால்விரல் நுனியால் உந்தி ஓடுகிறது. எடையைக் காலில் தாங்குவதில்லை, தட்டு மறைப்பதால் தன் பாதத்தையும் பார்ப்பதில்லை. படிக்கட்டில் உருண்டு விழும் ஆபத்தும் உண்டு. கனடா 2004இல் அதன் விற்பனையையே தடைசெய்தது. இன்னும் தவழாத குழந்தை விழித்திருக்கும்போது, ஆள் பார்த்திருக்க, நாளொன்றுக்குப் பலமுறையாகப் பிரித்து மொத்தம் குறைந்தது 30 நிமிடம் குப்புறக் கிடக்கட்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டி. பளபளக்கும் ஓட்டுத்தரையில் காலுறை வழுக்கும். வெறுங்கால் போதும், அடியில் வழுக்காத மெல்லிய பாய் இருக்கட்டும். மெத்தை வேண்டாம், கை புதைந்து தலை தூக்க முடியாது.

உளவியலாளர்கள் எலினோர் கிப்சனும் ரிச்சர்ட் வாக்கும் 1960இல் வெளியிட்ட ‘காட்சிப் பள்ளம்’ சோதனையில், கண்ணாடி மூடிய பள்ளத்தைத் தவழும் குழந்தைகளில் பெரும்பாலோர் கடக்க மறுத்தனர். பள்ளம் பற்றிய அச்சம் பிறவியிலேயே உண்டு என்று பலர் எடுத்துக்கொண்டார்கள். குழந்தை இயக்கத்தை ஆராயும் உளவியலாளர் கேரன் அடால்ஃப் சரிவுப் பலகைகளில் செய்த ஆய்வு வேறு கதை சொன்னது. தவழ்ந்து பழகிய குழந்தை எந்தச் சரிவில் இறங்கலாம் என்று வாரக்கணக்கில் கற்றது. நடக்கத் தொடங்கியதும் அதே செங்குத்துச் சரிவில் தயங்காமல் கால் வைத்தது. உடல் நிலை மாறினால் கணிப்பும் புதிதாகப் பிறக்க வேண்டும். ‘போன மாதம் கட்டில் விளிம்பில் நின்றானே’ என்று நம்பி விடக்கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

மாதக் கணக்கை வைத்துப் பதறவும் வேண்டாம். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கில் தனியே நடப்பதற்கு 8.2 முதல் 17.6 மாதம் வரை இடைவெளி உண்டு. நூற்றில் நான்கு பேருக்குமேல் கை-முட்டியில் தவழாமலே நடந்தார்கள்.

பள்ளி வயதில் இதே சொல் எழுத்திலும் பந்திலும் வரும். விஜயதசமியன்று கோயிலில் பிள்ளையின் விரலைப் பிடித்து அரிசியில் எழுத வைப்பது நல்ல தொடக்கம், ஆனால் அது பிறவினை. மறுநாள் முதல் பிள்ளை தானே கோடு இழுத்து, தவறான வளைவைத் தானே கண்டு திருத்த வேண்டும். பந்து பிடிக்கத் தவறும் பிள்ளைக்குக் கையில் குறை என்று முடிவு கட்டாதீர்கள். சில வேளை கண் பந்தை விட்டு எறிபவரின் முகத்திலேயே நிற்கிறது. பலூனில் தொடங்குங்கள், மெதுவாக வருவதால் கண் தொடர நேரம் கிடைக்கும். பிறகு பெரிய மென்பந்து, அதன்பின் சிறியது.

‘வளர்ச்சி’ என்பதால் இது சிறுபிள்ளைச் சொல் என்று நினைத்துவிடுகிறார்கள். முதுமையில்தான் இக்கூட்டு மிகக் கவனம் கேட்கிறது. உட்செவியின் உணர்மயிர்கள் குறைகின்றன, பாதத்தின் தொடுகை மங்குகிறது, ஆகவே உடல் கண்ணை அதிகம் நம்புகிறது. அப்போது தூரத்துக்கும் வாசிப்புக்கும் சேர்த்துப் போடும் பல்குவியக் கண்ணாடியின் கீழ்ப்பகுதி வாசிப்புத் தூரத்துக்கானது என்பதால், கீழே பார்க்கும்போது படி விளிம்பு மங்கித் தெரியும். பத்துமலையின் 272 படிகளில் இறங்குவதற்கும், கடைக்குக் கடை மட்டம் மாறும் ஜார்ஜ்டவுன் அஞ்சடியில் (கடைமுகப்பு நடைபாதையில்) நடப்பதற்கும் தூரப்பார்வைக்கு மட்டுமான தனிக்கண்ணாடி நல்லது. வயதானவர்கள் பலர் கால் ஊன்றும் முன்பே பார்வையை அடுத்த இடத்துக்கு மாற்றிவிடுகிறார்கள். அதனால் அடி பிசகுகிறது. பாதம் படியில் பதியும்வரை கண் அங்கேயே இருக்கட்டும், கை கம்பியில் இருக்கட்டும், பேச்சைப் படிவரிசைகளுக்கு இடையிலுள்ள சமதளத்தில் நின்று தொடரலாம். வீட்டுப் படி விளிம்பில் இரண்டு விரல் அகலத்தில் மாறுநிற நாடா ஒட்டுங்கள். அது விளிம்பிலேயே இருக்க வேண்டும்; உள்ளே தள்ளி ஒட்டினால் கண் தவறான விளிம்பைக் காலுக்குச் சொல்லும்.