ஈயின் ஆர்.என்.ஏ.வுக்கு ஒரு குஞ்சம்

"வாழைப்பழத்தில் மொய்க்கும் ஈயை ஆராய எதற்குப் பொதுப்பணம்?" 2024 நோபல் செய்தியைப் படித்துவிட்டு ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். அந்தப் பரிசைப் பெற்றுத்தந்த மைக்ரோஆர்.என்.ஏ. (மரபணுக்களை அடக்கும் ஒருவகைக் குட்டி ஆர்.என்.ஏ.) முதலில் சிக்கியது ஈயில் அல்ல, புழுவில். சரி, கேள்வி ஈக்கும் பொருந்தும்.

டி.என்.ஏ., தூது ஆர்.என்.ஏ., புரதம் என்ற வரிசை பள்ளியில் படித்ததுதான். இருபத்துச் சொச்சம் எழுத்துள்ள (எழுத்து என்பது ஆர்.என்.ஏ. இழையின் ஓர் அலகு) குட்டி ஆர்.என்.ஏ.க்கள் ஆர்கோநாட் என்ற புரதத்தில் உட்கார்ந்து, தூது ஆர்.என்.ஏ.வைத் தேடிப்பிடித்து அடக்கும். பழ ஈயில் இதில் இரண்டு கட்சி. சொந்த மரபணுவில் பிறக்கும் மைக்ரோஆர்.என்.ஏ. பெரும்பாலும் ஆர்கோநாட்-1இல் ஏறும். வைரஸின் ஆர்.என்.ஏ.வை நறுக்கிக் கிடைக்கும் 21 எழுத்துத் துண்டுகள் ஆர்கோநாட்-2இல் ஏறும்.

புடவை முந்தானையில் நூல் பிரியாமலிருக்கக் குஞ்சம் கட்டுவோமே, அதுபோல இரண்டாவது கட்சிக்கு மட்டும் வால் நுனியில் ஒரு மீத்தைல் உண்டு. ஒரு கார்பன், மூன்று ஹைட்ரஜன், அவ்வளவுதான். கட்டுவது ஹென்1 என்ற நொதி. ஈயில் அது செய்யும் வேலை 2007இல் தெரியவந்தது. தாவரங்களில் மைக்ரோஆர்.என்.ஏ.வுக்கும் இந்தக் குஞ்சம் உண்டு. ஈ மட்டும் ஏன் பாரபட்சம் காட்டுகிறது?

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். மைக்ரோஆர்.என்.ஏ. தன் இலக்கோடு அரைகுறையாகத்தான் சேரும். 2 முதல் 8 வரையான எழுத்துகள் பொருந்தினாலே பெரும்பாலும் போதும். அதன் வால் ஆர்கோநாட்டின் பைக்குள் பத்திரமாக இருக்கும். வைரஸ் துண்டு அப்படியல்ல, தலை முதல் வால் வரை பொருந்தும். இரண்டு இழையும் முறுக்கிக்கொள்ளும்போது வால் பையிலிருந்து வெளியே இழுபடுகிறது. வெளியே வந்த வாலைக் கத்தரிக்க ஒரு நொதி, அதில் யூரிடின் என்ற எழுத்துகளை ஒட்ட இன்னொன்று என்று செல்லுக்குள் ஆள் தயார். ஈயில் ஒரு மைக்ரோஆர்.என்.ஏ.வுக்கு முழுக்கப் பொருந்தும் இலக்கைக் கொடுத்துப் பார்த்தார்கள், 2010இல். அதன் வாலுக்கும் அதே கதிதான்! ஆக, வால் வெளியே வரக்கூடியவனுக்கே குஞ்சம்.

குஞ்சம் இருக்கிறதா என்று எப்படித் தெரியும்? பெர்அயோடேட் என்ற வேதிப்பொருளில் போட்டு, பிறகு காரத்தில் வைப்பார்கள். மொட்டை வால் ஓர் எழுத்தை இழந்து, நீளம் பார்த்துப் பிரிக்கும் ஜெல்லில் சற்று முந்தி ஓடும். மீத்தைல் உள்ளது அசையாமல் பழைய இடத்திலேயே நிற்கும்.

குட்டி ஆர்.என்.ஏ.வையே மருந்தாக்கி 2018இல் அனுமதி பெற்ற பாட்டிசிரானிலும் இதே வகை மீத்தைல்கள் உண்டு. அதை ஈயிடம் கற்றார்கள் என்று சொன்னால் பொய். அந்த வேதியியல் முன்பே தெரியும். பயனைக் காட்டினால்தான் பணம் என்கிற பேச்சே எனக்கு ஒப்பாது.

அப்புறம், ஈ வளர்க்க ஆகும் செலவு: மக்காச்சோள மாவு, சர்க்கரை, ஈஸ்ட், ஒரு பாட்டில். பத்து நாளில் அடுத்த தலைமுறை தயார்.