90 போகும் ஸ்கூட்டர் ஊருக்குள் எதற்கு?

லைசென்ஸ் கேட்காத, மணிக்கு 25 கிலோமீட்டர் வேகம் மட்டுமே போகும் மின் ஸ்கூட்டரே போதுமா, 90 போகிற வண்டியை வாங்கலாமா என்று சென்னை வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். தினமும் அலுவலகம் போய் வரத்தானாம். சென்னைக்குள் இருசக்கர வண்டிக்கு 2023-இல் போலீஸ் அறிவித்த வரம்பு 50, குடியிருப்புத் தெருக்களில் 30. அப்புறம் 90 எதற்கு? பதில் மோட்டாருக்குள் இருக்கிறது.

மின்சாரம் கொடுத்தால் மோட்டார் சுழலும், மோட்டாரைச் சுழற்றினால் மின்சாரம் வரும். பள்ளியில் படித்ததுதான். இரண்டும் ஒரே மோட்டாரில் ஒரே நேரத்தில் நடக்கின்றன என்பதுதான் விசேஷம். சுழலச் சுழல, சுருளில் பேட்டரிக்கு எதிராக ஒரு மின்னழுத்தம் பிறக்கிறது. எதிர் மின்னியக்கு விசை என்பார்கள். வேகம் இரட்டித்தால் அதுவும் இரட்டிக்கும். இரண்டு அழுத்தங்களுக்கும் இடையே எவ்வளவு வித்தியாசமோ, அதற்கேற்ற மின்னோட்டம்தான் உள்ளே போகும்.

பழைய பொம்மைக் கார் மோட்டாரை பேட்டரியோடு இணைத்து, அச்சை விரலால் இறுக்கிப் பிடித்துப் பாருங்கள். சற்று நேரத்தில் சுடும். சுழற்சி நின்றதால் எதிர் அழுத்தம் இல்லை, மின்னோட்டம் தாறுமாறாகப் பாய்கிறது. விரலை எடுத்தால் விர்ரென்று சுழன்று, மின்னோட்டத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். தேவைக்கு மட்டும் வாங்கிக்கொள்ளும் இந்த ஒழுங்கு, யாரும் தனியாக வடிவமைக்காமல் இயற்கை விதியிலேயே அமைந்திருக்கிறது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத விஷயம் இது.

ஸ்கூட்டரிலும் இதே கதைதான். நிற்கும்போது எதிர் அழுத்தம் சுழியம், கன்ட்ரோலர் (மோட்டாருக்குப் போகும் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டி) அனுமதிக்கும் முழு மின்னோட்டமும் பாயும். சிக்னலில் பச்சை விழுந்ததும் வண்டி சீறுவது அதனால்தான். வேகம் ஏற ஏற வித்தியாசம் சுருங்கி, மின்னோட்டமும் அதோடு வண்டியை முன்னால் தள்ளும் இழுவையும் குறையும். காற்றின் தடையும் இழுவையும் சமமாகும் இடம்தான் உச்ச வேகம். சார்ஜ் இறங்கினால் பேட்டரி அழுத்தம் குறைவதால் அந்த உச்சமும் இறங்கும்.

ஆக, 90 உச்சமுள்ள வண்டியில் 45-இல் போகும்போதும் கையிருப்பில் இழுவை இருக்கும். பஸ்ஸை முந்த அது வேண்டும். லைசென்ஸ் வேண்டாத வண்டியிலோ மோட்டாரின் திறன் 250 வாட்டைத் தாண்டக் கூடாது என்பது விதி. அந்த 250 வாட்டை மட்டும் நம்பி, பின்னால் ஒருவரை வைத்துக்கொண்டு மேம்பாலம் ஏறினால் மணிக்குச் சுமார் 10 கிலோமீட்டர்தான் வரும். பின்னால் லாரி வரும் சாலையில் அது ஆபத்து. தெருமுனைக் கடைக்குச் சரி, அலுவலகத்துக்கு வேண்டாம்.

ஆனால் 80-இல் ஓட்டவும் வேண்டாம். காற்றை வெல்லத் தேவைப்படும் திறன் வேகத்தின் மும்மடிக்கு ஏறுகிறது, அதாவது வேகம் இரட்டித்தால் எட்டு மடங்கு. சக்கர உராய்வையும் சேர்த்து, என் கணக்கில் 40-இல் முக்கால் கிலோவாட்டுக்குள் முடிவது, 80-இல் 4 கிலோவாட்டைத் தாண்டுகிறது. ஒரு சார்ஜில் போகும் தூரம் ஏறக்குறைய மூன்றில் ஒன்றாகிவிடும். ஊருக்குள் 65, 70 உச்சமே தாராளம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த மோட்டார்களில் உள்ள, அருமண் (rare earth) எனும் தனிமங்கள் கலந்த காந்தங்களுக்கு 2025 ஏப்ரலில் சீனா ஏற்றுமதிக் கட்டுப்பாடு போட்டதும் நம் தொழிற்சாலைகள் திணறின. அருமண் இல்லாத மோட்டார் ஆராய்ச்சிக்கு நம் பொறியியல் கல்லூரிகளுக்கு அரசு தாராளமாகப் பணம் கொடுக்க வேண்டும். வண்டிக்கு மானியம் கொடுத்தால் மட்டும் போதாது.

வாசகருக்கு ஒரு யோசனை. ஓட்டிப் பார்க்கப் போகும்போது சார்ஜ் 20 சதவீதத்துக்குக் கீழே உள்ள வண்டியைக் கேளுங்கள். பின்னால் ஒருவரை ஏற்றிக்கொண்டு மேம்பாலம் ஏறுங்கள். பாதி ஏற்றத்தில் வேகத்தைக் குறைத்து, மறுபடி முறுக்கிப் பாருங்கள். அப்போதும் தயங்காமல் வேகமெடுத்தால் கையிருப்பில் இழுவை இருக்கிறது என்று அர்த்தம்.