மந்திரவாதி ஒருவரல்லர்

"மாமா, இதில நான் எந்த மந்திரவாதி?" என்று மருமகன் ஒரு தாளை நீட்டினான். பெடியள் நாலைந்து பேர் சனிக்கிழமை பின்னேரங்களில் எங்கள் விறாந்தையில் பாய் விரித்து டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாடுவார்கள். இருபது முகமுள்ள தாயக்கட்டை உருளும், ஒருவன் கதை சொல்லுவான், மற்றவர்கள் அதற்குள் ஆட்களாக நடப்பார்கள். யாரோ அந்த விளையாட்டின் பாத்திர வகைகளைத் தமிழில் பெயர்த்து அச்செடுத்துக் கொடுத்திருந்தார்கள். விசார்ட் என்ற இடத்தில் மந்திரவாதி. சோர்சரர் என்ற இடத்தில் சூனியக்காரர். வார்லொக் என்ற இடத்தில் மறுபடியும் மந்திரவாதி. "மூண்டிலையும் ஒண்டைத் தெரியச் சொல்லுறாங்கள். ரெண்டுக்கு ஒரே பேரெண்டா நான் என்னெண்டு தெரியிறது?"

மெய்ப்புப் பார்த்தே காலம் போன எனக்கு இந்தக் குழப்பம் புதிதல்ல. தொலைக்காட்சியில் தமிழ்க்குரல் கொடுத்த படங்களிலும் சிறுவர் கதைகளிலும் இதையே பார்த்துச் சலித்துவிட்டேன். ஆனால் ஒரு பிள்ளை தாளைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்டபோதுதான் இது எவ்வளவு பெரிய பிழை என்று உறைத்தது. இந்தக் கதைகளில் மந்திரம் செய்கிறவர்கள் எல்லாரும் ஒருவரல்லர். அவர்களைப் பிரிப்பது ஒரே ஒரு கேள்வி: அந்த வல்லமை எங்கிருந்து வந்தது? பெயர் அதற்குப் பதில் சொல்லவேண்டும்.

முதலில் விளையாட்டின் கதை. 1974 இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் இதை வெளியிட்டபோது மூன்று வகை ஆட்களே இருந்தார்கள்: போர்வீரர், மந்திரம் கையாள்பவர், தெய்வத்தின் பேரால் அற்புதம் செய்பவர். மந்திரம் கையாள்பவர் ஏட்டைப் பார்த்து அன்றைக்கு வேண்டிய மந்திரங்களை மனத்தில் ஏற்றிக்கொள்வார். ஒன்றை ஓதிவிட்டால் அது மனத்தை விட்டுப் போய்விடும், பிறகு ஏட்டைத்தான் திறக்கவேண்டும். ஜாக் வான்ஸ் 1950 இல் வெளியிட்ட கதைகளிலிருந்து வந்த ஏற்பாடு அது. 2000 ஆம் ஆண்டு வந்த மூன்றாம் பதிப்பில்தான் சோர்சரர் தனி வகையானார். அவருக்கு ஏடு கிடையாது, வல்லமை பிறப்பிலேயே இரத்தத்தில் ஓடுகிறது. 2004 இல் வார்லொக் வந்தார். அவர் கற்றவருமல்லர், பிறவியிலே பெற்றவருமல்லர். தன்னிலும் பெரிய ஏதோ ஒன்றோடு, அது பேயோ பழந்தெய்வமோ, உடன்படிக்கை செய்து வல்லமையை வாங்கியவர்.

சொற்பிறப்பு இந்தப் பிரிவினைக்கு அவ்வளவு உதவாது, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விசார்ட் என்பது 'அறிவுள்ள' என்ற சொல்லோடு விகுதி சேர்ந்து வந்தது. சோர்சரர் இலத்தீனில் 'சீட்டு' என்ற பொருளுள்ள சோர்ஸ் என்ற சொல்லின் வழிவந்தது. நாங்கள் கோயிலில் திருவுளச்சீட்டுப் போடுவது போல, சீட்டெடுத்து நல்லது கெட்டது சொன்னவருக்கான பெயர். வார்லொக் பழைய ஆங்கிலத்தில் 'வாக்குத் தவறியவன்'. ஆக, சோர்சரரின் வேரில் இரத்தமும் இல்லை, பிறப்பும் இல்லை. அந்தப் பொருளை விளையாட்டுத்தான் ஏற்றியது. மொழிபெயர்க்கிறவர் வேரைப் பிடித்துத் தொங்காமல், இன்றைக்கு அந்தச் சொல் என்ன வேலை செய்கிறது என்று பார்க்கவேண்டும்.

சரி, இப்போது சூனியக்காரருக்கு வருகிறேன். என்னை எழுதவைத்தது இந்தச் சொல்தான்.

இது எங்கிருந்து இவ்வளவு பரவியது என்பதற்குத் தமிழ் வேதாகமத்தைப் பார்த்தால் ஒரு பகுதி விடை கிடைக்கும். யாத்திராகமத்தில் 'சூனியக்காரியை உயிரோடே வைக்கவேண்டாம்' என்று இருக்கிறது. அங்கே அது சரியான சொல். கண்டனம் சொல்லும் இடம், கண்டனச் சொல்லே வேண்டும். ஆனால் அதே வேதாகமம் எல்லா இடத்திலும் அந்தச் சொல்லைப் போடவில்லை. மேஜிக் என்ற சொல்லுக்கே மூலமான மேகை என்போர் மத்தேயுவில் வருகிறார்கள், நட்சத்திரத்தைக் கண்டு பாலனைத் தேடி வந்தவர்கள். அவர்களைச் 'சாஸ்திரிகள்' என்றார்கள். அப்போஸ்தலர் நடபடிகளில் வரும் சீமோனை 'மாயவித்தைக்காரன்' என்றார்கள். ஆள் செய்கிற தொழிலைப் பார்த்துப் பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தக் கவனம் பின்வந்தவர்களிடம் இல்லை. அகராதியில் முதலில் அகப்பட்டதை எடுத்து எல்லார் தலையிலும் வைத்துவிட்டார்கள்.

சூனியம் என்றால் வெறுமை, பாழ். கணக்கில் அது பூச்சியம். ஊர்வழக்கில் சூனியம் செய்தல் என்றால் ஒரு வீட்டைப் பாழாக்குகிற வேலை. வேறு நல்ல பொருள் அதற்கு எங்கள் காதில் விழுந்ததே இல்லை. சோர்சரர் என்ற பாத்திரமோ பாழுக்கு நேரெதிர். தன்னுள்ளே பொங்குவதை அடக்கத் தெரியாமல் தவிப்பதுதான் அந்தப் பாத்திரத்தின் அழகு. அவர் ஊரைக் காப்பாற்றலாம், தாகத்துக்குத் தண்ணீர் வருவிக்கலாம். அவரைப் போய்ச் சூனியக்காரர் என்றால், கதை தொடங்குமுன்னமே தீர்ப்புச் சொல்லிவிட்டோம் என்றாகிறது.

இதைவிடப் பெரிய காரணமும் எனக்கு உண்டு. நான் பத்து வயதாக இருக்கும்போது எங்கள் ஒழுங்கையில் வேலி அடைக்கக் கதியால் பிடுங்கியவர்கள், மண்ணுக்குள் சுருட்டிக் கிடந்த செப்புத் தகடொன்றைக் கண்டெடுத்தார்கள். கறுப்பு நூல் சுற்றியிருந்தது. ஒரு விரல் நீளம் இருக்கும், பச்சை பிடித்துப்போய்க் கிடந்தது. அதைச் செரட்டையில் வைத்து முற்றத்தில் கொண்டுவந்து வைத்தார்கள், யாரும் கையால் தொடவில்லை. அன்றைக்கு இரவு ஒரு பெயர் சொல்லப்பட்டது, பக்கத்து வளவில் தனியே இருந்த ஒரு விதவையின் பெயர். அதற்குப் பிறகு அந்த மனுசியின் கிணற்றில் ஒருவரும் தண்ணீர் அள்ளவில்லை. நல்லநாள் பெருநாளுக்கும் கூப்பிடவில்லை. அவர் செத்தபோது பிரேதத்தோடு போனவர்கள் எத்தனை பேர் என்று என்னால் இன்றைக்கும் விரல்விட்டு எண்ணமுடியும். தகட்டைப் புதைத்தது யார் என்று ஒருவருக்கும் தெரியாது. சூனியக்காரி என்ற சொல் எங்கள் மண்ணில் அப்படி வேலை செய்திருக்கிறது. அதை எடுத்துப் பிள்ளைகளின் விளையாட்டுத் தாளில் ஒரு தொழிற்பெயராக அடிக்கும்போது எனக்கு மனம் ஒப்பவில்லை. மட்டக்களப்புக்குப் போனால் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்று எங்கள் பக்கத்தில் சொல்லுகிற பேச்சும் இந்த வகைதான், ஒரு முழு ஊரையே அந்தச் சொல்லுக்குள் தள்ளுகிற வேலை.

மந்திரவாதி இந்தளவு மோசமில்லை. அதன் வாதி, இரசவாதியில் வருகிற அதே வாதிதான். மந்திரத்தைத் தொழிலாகச் சொல்பவர் என்று பொருள். மந்திரம் என்ன என்பதைத் தொல்காப்பியம் தெளிவாகவே சொல்கிறது: 'நிறைமொழி மாந்தர் ஆணையிற் கிளந்த மறைமொழி தானே மந்திரம் என்ப.' ஆக, மந்திரம் என்றால் மொழி. மொழியே இல்லாமல் இரத்தத்தால் தீயை எழுப்புகிறவரை மந்திரவாதி என்பது பொருந்தாது. ஆனாலும் பொதுப்பெயராக அது இருந்துவிட்டுப் போகட்டும். காகத்துக்கும் குயிலுக்கும் பறவை என்ற பெயர் பொதுவாக இருப்பதில் குறையில்லை. காகத்தைக் காட்டிப் பறவை, குயிலைக் காட்டியும் பறவை என்று பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தால்தான் குறை.

அப்படியே ஒலிபெயர்த்து விசார்ட் என்று விட்டுவிடலாமே என்கிறார்கள் சிலர். யாழ்ப்பாணத்தில் அது நடக்காது. விசர் என்றால் எங்களுக்குப் பைத்தியம். அறிவாளி என்று பொருள்படும் பெயரை அந்த ஓசைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைக்கமுடியாது.

விசார்டுக்கு நான் சொல்வது விஞ்சையர். விஞ்சை என்பது வித்தைதான், வடமொழி வித்யா பாகதத்தில் விஜ்ஜா ஆகித் தமிழில் விஞ்சை ஆனது. வித்யாவின் வேரான வித், 'அறி' என்று பொருள்படுவது. விசார்டின் தொடக்கத்தில் இருக்கிற 'அறிவு' என்ற ஆங்கிலச் சொல்லும் அதே பழைய வேரிலிருந்து கிளைத்தது. இரண்டும் தூரத்துச் சொந்தக்காரர். இப்படி ஒரு பொருத்தம் கையில் இருக்க நாங்கள் ஏன் வெளியே தேடவேண்டும்?

விஞ்சையர் வானுலகத்தவர் அல்லவா, அவர்களுக்குப் பறப்பது பிறப்பிலேயே வந்ததல்லவா என்று என் நண்பர் ஒருவர் மறுத்தார். மணிமேகலையைத் திருப்பிப் பார்க்கச் சொன்னேன். காயசண்டிகை விஞ்சை நாட்டுப் பெண். முனிவரின் சாபத்தால் யானைத்தீ என்ற தீராப் பசி பிடிக்கிறது, வானத்தில் செல்லும் மந்திரமும் மறந்துபோகிறது. ஊருக்குத் திரும்பமுடியாமல் புகாரில் பிச்சை எடுத்துத் திரிகிறாள். அவளுடைய பறக்கும் வல்லமை உடம்பில் இல்லை, நினைவில் இருந்த மந்திரத்தில் இருந்தது. ஏட்டைத் தொலைத்த விசார்டின் நிலை இதுவேதான். மணிமேகலைக்கு வேற்றுரு எடுக்கவும், வானத்தில் திரியவும், பசி தீரவும் மந்திரங்கள் கிடைத்தது மணிபல்லவத்தில். மணிபல்லவத்தை நயினாதீவு என்று கொள்வோர் எங்கள் பக்கத்தில் பலர். குறிகட்டுவானில் வள்ளம் ஏறினால் போய்விடலாம். அவளுக்கு அவற்றைக் கற்பித்தது தெய்வம், இரத்தம் கொடுக்கவில்லை.

விஞ்சை தனித்தமிழ் இல்லை என்று மறுபடியும் அடி விழும் என்று தெரியும். அப்படி அடிக்கிறவர்கள் 'மறைமொழியர்' என்று ஒன்றை வைத்திருக்கிறார்கள். தொல்காப்பியத்தை மதித்து ஆக்கிய சொல், எனக்கும் அதன் ஓசை பிடிக்கும். ஆனால் மறைமொழியைக் கற்றவரா, தெய்வத்திடம் வாங்கியவரா என்று அது சொல்லாது, ஆகவே பழைய சிக்கல் அப்படியே நிற்கும். அப்புறம், அதே தொல்காப்பியம் 'வடசொற் கிளவி வடவெழுத்து ஒரீஇ எழுத்தொடு புணர்ந்த சொல்லாகும்மே' என்றும் சொல்லியிருக்கிறது. விஞ்சை அந்த விதிப்படி வந்து, காப்பியத்தில் இருந்து பழகிய சொல். அதை வெளியே தள்ளுவது தூய்மை ஆகாது, எங்கள் பெட்டகத்தில் இருப்பதை நாங்களே எறிவதாகும்.

சோர்சரருக்கு மாயாவி போதும். இந்தச் சொல்லில் வருகிற வி, மேதாவியில் வருகிற வி. மேதையை உடையவர் மேதாவி, மாயையை உடையவர் மாயாவி. மந்திரவாதி சொல்கிறார், விஞ்சையர் அறிகிறார், மாயாவி உடையவராயிருக்கிறார். மாரீசன் பொன்மானாக வந்து நின்றதற்கு ஏடு பார்க்கவில்லை. மாயம் என்றால் ஏமாற்று என்ற நிழல் இந்தச் சொல்லில் விழுவது உண்மை. அது ஒரு குறைதான், ஆனாலும் சூனியத்தின் நிழலோடு ஒப்பிட்டால் பொறுக்கக்கூடியது.

தெய்வத்தின் பேரால் அற்புதம் செய்கிற கிளெரிக்குக்கு அருளாளர் என்று போடலாம், அதில் எனக்கு வாதமில்லை. 'மந்திரமாவது நீறு' என்று பாடப்பட்ட மொழியில் கற்ற மந்திரத்துக்கும் பெற்ற அருளுக்கும் வேறுபாடு சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. பூசாரி, மதகுரு என்று பெயர்ப்பவர்கள் கோயிற் கடமையைச் சொல்கிறார்கள், வல்லமையைச் சொல்லவில்லை.

கடைசியாக வார்லொக். இதற்காகத்தான் இரண்டு நாள் மினக்கெட்டேன். உடன்படிக்கை மந்திரவாதி என்றால் அரசாங்கக் கடிதம் போல இருக்கிறது. சாத்தானின் அடிமை என்று ஒரு இடத்தில் கண்டேன், அது பிழை. அடிமைக்குத் தன் விருப்பம் இல்லை, வார்லொக் தானாகப் போய்க் கைச்சாத்து வைத்தவர். பிறகு சொல் வந்தது வீட்டிலிருந்துதான். அம்மாவின் சீதனக் காணி உறுதியை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் ஒரு காலத்தில் அந்தக் காணி ஒற்றி வைக்கப்பட்டிருந்தது எழுதியிருந்தது.

ஒற்றி என்றால் யாழ்ப்பாணத்தாருக்கு விளக்கத் தேவையில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். 1707 இல் ஒல்லாந்தருக்காகத் தொகுக்கப்பட்ட தேசவழமை என்ற யாழ்ப்பாணத்து வழக்கச் சட்டத்திலேயே அது இருக்கிறது. காசு வாங்கியவர் காணியைக் கொடுப்பார். காசு கொடுத்தவர் வட்டிக்குப் பதிலாக விளைவை எடுப்பார். உரிமை மாறாது, பயன் மாறும். வார்லொக் செய்திருப்பது இதுதான். ஆன்மா அவருடையது, அதன் விளைவு இன்னொருவருக்கு. ஒற்றியாளர் என்று வைத்தால் ஒற்றர் நினைவுக்கு வந்து உளவாளி ஆகிவிடும். ஆகவே ஒற்றி மந்திரவாதி என்று முழுதாகச் சொல்வதே சரி.

பழைய தாளில் மூன்று பெயர்களையும் வெட்டி, மேலே பேனையால் எழுதிக் கொடுத்தேன். மருமகன் விஞ்சையரையும் மாயாவியையும் வாசித்துத் தலையாட்டினான். மூன்றாவதில் விரலை வைத்தபடி கொஞ்ச நேரம் நின்றான்.

"ஒற்றி எண்டா மீக்கலாம் தானே மாமா?"

"ஓம், காசு கட்டினா மீக்கலாம்."

"அப்ப நான் இதைத்தான் எடுக்கிறன்" என்று சொல்லிவிட்டுப் பாய்க்குப் போய், கதை சொல்லுகிற பெடியனிடம் தன் ஆள் எவ்வளவு கட்டவேண்டும் என்று கேட்கத் தொடங்கினான்.