சோஷியல் இன்ஜினியரிங்: தமிழில் என்ன சொல்லலாம்?

கணினியை உடைக்காமல், அதை வைத்திருக்கும் ஆளைப் பேசி வசப்படுத்தி பாஸ்வேர்டு, ஓடிபி, பணம் என எதையாவது வாங்கிவிடுவதற்குப் பெயர்தான் சோஷியல் இன்ஜினியரிங்.

பிறக்கும்போது இது நல்ல சொல்தான். 1894-இல் வான் மார்க்கன் என்ற டச்சுத் தொழிலதிபர், இயந்திரங்களைக் கவனிக்க இன்ஜினியர் இருக்கிறார், தொழிலாளர்களைக் கவனிக்கவும் ஒருவர் வேண்டாமா என்ற எண்ணத்தில் இதைப் பயன்படுத்தினார். அப்புறம் அரசியல் அறிஞர்கள் கைக்குப் போனது. தொலைபேசி நிறுவன ஊழியர்போலப் பேசி உள் ரகசியங்களைக் கறந்த ஹேக்கர்கள் கைக்கு வந்தபோதுதான் இன்றைய அர்த்தம் ஒட்டிக்கொண்டது. 1995-இல் கைதான அமெரிக்க ஹேக்கர் கெவின் மிட்னிக்கால் ஊரெல்லாம் பரவியது.

2020 ஜூலையில் ட்விட்டரில் நடந்ததைப் பாருங்கள். கொரோனாவால் எல்லாரும் வீட்டிலிருந்து வேலை செய்த நேரம், வீட்டிலிருந்தபடியே அலுவலக நெட்வொர்க்குக்குள் நுழைய உதவும் விபிஎன் அடிக்கடி மக்கர் செய்யும். "ஐடி பிரிவிலிருந்து பேசுகிறோம், உங்கள் விபிஎன் பிரச்சினையைச் சரிசெய்யத்தான்" என்று ஊழியர்களுக்கு போன் போகிறது. அவர்களைப் பற்றிய விவரங்களை முன்பே திரட்டி வைத்திருந்ததால் சிலருக்குச் சந்தேகம் வரவில்லை. அவர்கள் போலித் தளத்தில் பாஸ்வேர்டைத் தட்டியதும் அதே நொடியில் மோசடிக்காரர்கள் அங்கே உண்மையான தளத்தில் அதைப் போட்டார்கள், இரண்டாம் கட்டச் சரிபார்ப்புக்கும் ஊழியரே ஒப்புதல் கொடுத்துவிட்டார். ஒபாமா, பைடன் கணக்குகளிலிருந்தெல்லாம் பிட்காயின் மோசடிப் பதிவு வந்தது இப்படித்தான். முக்கியக் குற்றவாளிக்கு வயது 17.

தமிழில் இதைச் சமூகப் பொறியியல் என்று எழுதுகிறார்கள். பொறி என்றால் இயந்திரம், கண்ணியும் பொறிதான், கண், காது போன்ற ஐந்து உறுப்புகளும் பொறிதான் என்று பார்த்தால் அழகாகவே பொருந்துகிறது. ஆனால் வங்கி வாசலில் இதை எழுதி வைத்தால் யாருக்குப் புரியும்? ஏதோ கல்லூரிப் பாடம் என்று நினைத்துக் கடந்து போவார்கள்.

நம்மிடம் ஏற்கெனவே ஒரு வழக்கு இருக்கிறது: போட்டு வாங்குதல். தெரிந்ததுபோல ஒன்றைச் சொல்லி, தெரியாததை அவர் வாயாலேயே வரவழைப்பது. ட்விட்டரில் நடந்தது அச்சு அசல் இதுதான். போலீஸ், சிபிஐ என்று வீடியோ காலில் மிரட்டிப் பணம் பறிக்கும் "டிஜிட்டல் கைது"க்கு மட்டும் இது போதாது, அங்கே வேலை செய்வது பயம். அதற்கு ஆள்மாறாட்டம் என்ற சொல் இருக்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66டி பிரிவு சொல்லும் குற்றமும் கணினி வழியே ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவதுதான், 3 ஆண்டு வரை சிறை. பாடநூலில் வேண்டுமானால் சமூகப் பொறியியல் இருக்கட்டும். எச்சரிக்கைப் பலகையில் "ஆள்மாறாட்டம் செய்து போட்டு வாங்குவார்கள்" என்று எழுதினால் என் பாட்டிக்கும் புரியும்.