ஆவணப்படம்: ஓலையிலிருந்து திரைக்கு

மலேசியாவில் 'டோக்குமெந்தாரி' என்று மலாய் வழியில் சொல்வாரும் உண்டு, 'டாக்குமெண்டரி' என்று ஆங்கில வழியில் சொல்வாரும் உண்டு. இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். லத்தீனில் 'டோகெரே' என்றால் கற்பித்தல். அதில் பிறந்த 'டோகுமெந்தும்' முதலில் பாடத்தையும் எடுத்துக்காட்டையும் குறித்தது. பின்னர் சான்று என்றும், எழுதிவைத்த பத்திரம் என்றும் பொருள் விரிந்தது. கற்பித்தல், சான்று சொல்லுதல் என்னும் இரண்டும் அந்தச் சொல்லுக்குள் இன்றும் சேர்ந்தே கிடக்கின்றன. பழைய அறிவியல் படங்களும் தேடல் பயணப் படங்களும் தலைமுறை கடந்தும் நம்மை இழுத்து உட்காரவைப்பது இந்த இரண்டாவது பொருளால்தான் என்பது என் துணிபு.

திரைக்கு இந்தச் சொல்லைக் கொண்டுவந்தவர் ஸ்காட்லாந்துக்காரரான ஜான் கிரியர்சன். சமோவாத் தீவு மக்களைப் பற்றி ராபர்ட் ஃபிளாகர்ட்டி எடுத்த 'மோவானா' படத்துக்கு 1926 பிப்ரவரியில் நியூயார்க் நாளிதழ் ஒன்றில் மதிப்புரை எழுதியபோது, அதற்கு ஆவண மதிப்பு உண்டு என்று குறிப்பிட்டார். இருபது ஆண்டு கழித்து, 1946-இல், கோலாலம்பூரில் அரசின் படத்தயாரிப்புப் பிரிவான மலாயன் ஃபிலிம் யூனிட் தொடங்கியது. அதுவே பிற்பாடு ஃபிலெம் நெகாரா மலேசியா ஆயிற்று. தகவல் இலாகா வண்டி தோட்டத்துத் திடலுக்கு வந்து திரை கட்டிப் படம் காட்டியதைப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள்.

தமிழில் இதற்குப் பல பெயர்கள் புழங்கின. இலங்கைத் தமிழர் 'விவரணப்படம்' என்பார்கள். 'விளக்கப்படம்', 'செய்திப்படம்' என்றும் சொல்லிப் பார்த்தோம். நிலைத்தது 'ஆவணப்படம்'. நிலைக்க வேண்டியதும் அதுதான்.

'ஆவணம்' மிகப் பழைய சொல். சங்கப் பாட்டில் அது கடைத்தெரு. அகநானூற்றின் 122-ஆம் பாட்டில் பரணர் "மல்லல் ஆவணம் மறுகுடன் மடியின்" என்கிறார்: வளமான அங்காடித் தெரு மற்றத் தெருக்களோடு உறங்கினாலும் தலைவியின் அன்னை உறங்க மாட்டாளாம். சோழர் காலத்தில் பத்திரம் பதியும் இடத்துக்கு 'ஆவணக்களரி' என்று பெயர். பெரியபுராணத்தில் இந்தச் சொல்லுக்கு ஓர் அருமையான காட்சியே உண்டு. சுந்தரர் தமக்கு அடிமை என்று கிழ வேதியர் ஒருவர் ஓலை காட்டுகிறார். சுந்தரர் அதைப் பறித்துக் கிழித்துவிடுகிறார். கிழித்தது படியோலைதான், மூல ஓலை பத்திரமாக இருக்கிறது என்கிறார் வந்தவர். திருவெண்ணெய்நல்லூர்ச் சபையில் அதை நீட்டுகிறார். சுந்தரருடைய பாட்டனாரின் வேறோர் எழுத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துச் சபையார் அது மெய்யென்று ஏற்கிறார்கள். எழுதியவர் போன பிறகும் அவர் கையெழுத்து நின்று பேசுவதால்தான் அந்த ஓலை ஆவணம்.

மலேசியத் தமிழருக்கு இதை நீட்டி விளக்க வேண்டியதில்லை. பிறப்புப் பத்திரமும் அடையாள அட்டையும் இல்லாமல் தலைமுறையாக அல்லாடிய குடும்பங்கள் நம்மிடையே உண்டு. ஆவணம் என்ற சொல்லின் கனம் நமக்கு நன்றாகத் தெரியும்.

இந்தப் பொருளை மனத்தில் வைத்துக்கொண்டு பழைய படங்களுக்கு வருவோம். துருவப் பயணி ஷேக்கிள்டனின் 'எண்டூரன்ஸ்' கப்பல் அண்டார்டிகாவின் வெடல் கடலில் பனிக்கட்டிகளுக்கிடையே சிக்கி நொறுங்கி, 1915 நவம்பரில் மூழ்கியது. கூடப் போயிருந்த படப்பிடிப்பாளர் ஃபிராங்க் ஹர்லி, நீர் புகுந்த கப்பலுக்குள் உறைகுளிரில் இறங்கித் தம் படச்சுருள்களையும் புகைப்படக் கண்ணாடித் தகடுகளையும் மீட்டார். எல்லாவற்றையும் சுமந்து செல்ல வழியில்லை. பனித்தரையில் உட்கார்ந்து சிறந்தவற்றைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு, மனம் மாறிவிடக் கூடாதென்று மிச்சமுள்ள நூற்றுக்கணக்கான தகடுகளை அங்கேயே உடைத்தார். அவர் எடுத்த அந்தப் பயணப் படம் 1919-இல் வெளியானது. 2022 மார்ச்சில் ஏறத்தாழ 3,000 மீட்டர் ஆழத்தில் கப்பலையே கண்டுபிடித்தார்கள்; அதன் பின்புறத்தில் பெயர் அழியாமல் தெரிந்தது. படத்தில் நாம் பார்த்த கப்பல் அது. பாட்டனார் கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்த்த சபையாருக்கு இப்படித்தான் சிலிர்த்திருக்கும்.

எடுத்தவருக்கு எதிராகவும் ஆவணம் சாட்சி சொல்லும். பிரெஞ்சுக் கடலாய்வாளர் ஜாக் கூஸ்தோவின் 'மௌன உலகம்' 1956-இல் கான் திரைப்பட விழாவின் உயரிய விருதைப் பெற்றது. கடலடியை அத்தனை வண்ணத்தோடு அதற்கு முன் பார்த்தவர் குறைவு. அதே படத்தில் மீன்களைக் கணக்கெடுப்பதற்காகப் பவளப்பாறையில் வெடி வைக்கிறார்கள், சுறாக்களை அடித்துக் கொல்கிறார்கள். பார்க்கவே மனம் கொதிக்கும். அந்தக் காட்சிகளை வெட்டக் கூடாது என்றே சொல்வேன். கடலை அன்று எப்படி நடத்தினோம் என்பதற்கு அவைதாம் மூல ஓலை. அந்த மனிதரே பின்னாளில் கடலுக்காக வாதாடினார். சபாவின் சிப்பாடான் தீவைப் பற்றி அவர் குழு 1989-இல் வெளியிட்ட படம்தான் அந்தத் தீவை உலக முக்குளிப்பாளர்களுக்குக் காட்டியது.

வானியலாளர் கார்ல் சேகனின் 'காஸ்மோஸ்' தொலைக்காட்சித் தொடர் 1980-இல் வந்தபோது நம் சூரியனைப் போன்ற வேறொரு விண்மீனைச் சுற்றும் கோள் ஒன்றுகூட உறுதியாகவில்லை. முதலாவது உறுதியானது 1995-இல். இன்று அறிந்த புறக்கோள்களின் எண்ணிக்கை ஐயாயிரத்தைத் தாண்டிவிட்டது. அந்தத் தொடர் கற்பித்ததில் ஒரு பகுதி பழசாகிவிட்டது உண்மைதான். ஆனால் பத்தாம் பகுதியைப் போட்டுப் பாருங்கள். சேகன் தமிழ்நாட்டுக்கு வந்து நிற்கிறார். பொங்கல் கொண்டாட்டம், சோழர் காலக் கோயில், நடராசர் திருமேனி என்று காட்டியபடி, படைப்பின் காலக்கணக்கைப் பல நூறு கோடி ஆண்டுகளாக எண்ணிய மரபைப் பற்றிப் பேசுகிறார். அண்டவியல் பாடத்துக்காக எடுத்த காட்சி, நாற்பதாண்டுக்கு முந்திய ஒரு தமிழ்ப் பொங்கலின் சான்றாகவும் ஆகிவிட்டது. தாத்தா பாட்டி விட்டு வந்த மண் எப்படி இருந்தது என்று கேட்கும் செந்தூல் பிள்ளைக்கு இதைக் காட்டலாம்.

ஆகவே பெயரிடுவதில் கொஞ்சம் கறாராக இருப்பது நல்லது. கணினி வரைகலையை மட்டும் வைத்துக் கருந்துளையை விளக்கினால் அது விளக்கப்படம். அதில் இழிவு ஒன்றும் இல்லை, பயன் மிக உண்டு. கருவியோடு ஓர் ஆள் அந்த இடத்துக்குப் போய் நின்று பதிவு செய்து வந்தால் அது ஆவணப்படம். 1979-இல் வந்த 'லைஃப் ஆன் எர்த்' போலப் பல பகுதிகளாக நீள்வதை 'ஆவணத்தொடர்' எனலாம். எடுப்பவர் 'ஆவணப்பட இயக்குநர்'. 'ஆவணப் படம்' என்று பிரித்து எழுதாமல் 'ஆவணப்படம்' என்று ஒரே சொல்லாகவே எழுதுங்கள். 'டாக்குமெண்டரி படம்' என்று பேச்சில் வந்தால் வரட்டும். எழுத்தில் நம் சொல்லே போதும்.