‘மீட்டமை’ என்றால் திரும்ப வருமா, அழிந்து போகுமா?

“காப்புநகல் எடுத்தாயிற்றா? இனி ஃபோனை மீட்டமைக்கலாம்.” ஃபோன் மாற்றும் வழிகாட்டிகளில் அலுக்காமல் வரும் வாக்கியம் இது. தமிழ் தெரிந்தவர் இதை எப்படிப் படிப்பார்? எடுத்து வைத்ததைத் திரும்ப ஃபோனில் ஏற்றச் சொல்கிறார்கள் என்றுதான். ஆனால் சொல்ல வந்தது ஃபேக்டரி ரீசெட், அதாவது ஃபோனில் இருக்கும் படம், செய்தி, செயலி எல்லாவற்றையும் துடைத்துவிடுவது.

பேக்கப் (நகல் எடுத்து வைப்பது), ரெஸ்டோர் (அதைத் திரும்ப ஏற்றுவது), ரீசெட் (தொடக்கநிலைக்குக் கொண்டுபோவது) என மூன்று வேலைகள். பேக்கப்புக்குக் ‘காப்புநகல்’ போதும். ‘கா’ என்ற வினையிலிருந்து வந்தது காப்பு. கையில் கட்டும் காப்பும் நூலின் முதலில் வரும் காப்புச் செய்யுளும் அதே வேர். நகல் அரபு, பிரதி வடமொழி, ஆகவே ‘காப்புப்படி’தான் தூய தமிழ் என்போர் உண்டு. பத்திரப்பதிவு அலுவலகம்வரை ஊறிப்போன நகலோடு சண்டை எதற்கு? பேக்கப்பில் பிழை சொல்லில் இல்லை, பொருளில் இருக்கிறது. கூகுள் ஃபோட்டோஸில் ‘காப்பு’ ஆன படத்தைச் செயலியில் அழித்தால் ஃபோனிலும் மேகத்திலும் (கூகுளின் இணையச் சேமிப்பிலும்) சேர்ந்தே போகும். 60 நாள் குப்பைத் தொட்டியில் கிடக்கும், அவ்வளவுதான். அது இரண்டு இடத்தையும் ஒரேபோல் வைக்கும் ஒத்திசைவு (சிங்க்), காப்பு அல்ல.

ரெஸ்டோருக்கு ‘மீட்டெடு’. மீள்வது தன்வினை, மீட்பது பிறவினை. அடகு நகையை மீட்கிறோம். பகைவர் கவர்ந்த ஆநிரையை மீட்பது கரந்தைத் திணை. எங்கும் கைவிட்டுப் போனது கைக்குத் திரும்புகிறது.

இனி ‘மீட்டமை’. ரீ என்பதற்கு மீட்டு, செட் என்பதற்கு அமை என்று துண்டு துண்டாக ஒட்டிய சொல். ‘மீட்டும்’ என்பதற்கு ‘மீண்டும்’ என்ற பொருள் பழைய வழக்கில் உண்டே என்பார்கள். உண்டு. ஆனால் இன்று அதைப் படிப்பவர் காதில் விழுவது மீட்பு ஒன்றுதான். ‘வாங்கியபோது இருந்த நிலையை மீட்கிறோம்’ என்று இன்னொரு சமாதானம். அந்த வெற்று நிலையை யார் அடகு வைத்தார்கள்? பயனர் மீட்க நினைப்பது தன் படங்களையும் எண்களையும்.

பெரும்பாலான ஆண்ட்ராய்டு ஃபோன்களில் முழு ரெஸ்டோர் முதல்முறை அமைக்கும்போதுதான் கிடைக்கும். அவசரத்தில் ‘தவிர்’ என்று தட்டிவிட்டால் மறுபடி ரீசெட் செய்தாக வேண்டும். ஆக, ‘முதலில் மீட்டமை, பிறகு மீட்டெடு’ என்று இரண்டும் அடுத்தடுத்த படிகளில் வருகின்றன. ஒன்றை மற்றொன்றாக எடுத்துக்கொண்டவருக்குத் தப்ப வழியும் குறைவு. ஃபோனை 57 நாள் பயன்படுத்தாமல் போட்டிருந்தால் கூகுள் காப்புநகல் காலாவதியாகிவிடும். புதிய ஆண்ட்ராய்டு பதிப்பில் எடுத்த நகல் பழைய பதிப்பில் ஏறாது. செயலித் தரவுக்குத் தானியங்கிக் காப்பில் செயலி ஒன்றுக்கு 25 எம்பி உச்சவரம்பு. வாட்ஸ்அப் நகல் தனி. எண்ணைச் சரிபார்க்கும்போது கேட்கும் ரெஸ்டோரைத் தவறவிட்டால் செயலியை நீக்கி மறுபடி நிறுவ வேண்டும். வாட்ஸ்அப் நகலை மறையாக்கத்தோடு (என்கிரிப்ஷன்) எடுத்து 64 இலக்கச் சாவியைத் தொலைத்தவருக்கு மீட்பே கிடையாது.

நெட்வொர்க் ரீசெட் செய்தால் வைஃபை கடவுச்சொற்கள், புளூடூத் இணைப்புகள் போன்ற நெட்வொர்க் அமைப்புகள் மட்டும் போகும், படங்கள் அப்படியே இருக்கும். அதற்கும் ‘மீட்டமை’தான். கடவுச்சொல் ரீசெட்டுக்கும் அதே. அங்கே மீட்க என்ன இருக்கிறது? பழைய கடவுச்சொல் திரும்பி வரவா போகிறது?

மொழிபெயர்ப்பவரை மட்டும் குறை சொல்வதற்கில்லை. அவர் முன்னால் திரை இருக்காது. எக்ஸெல் வரிசையில் ‘ரீசெட்’ என்ற தனிச்சொல் இருக்கும், பக்கத்தில் மாற்றக்கூடாத கலைச்சொல் பட்டியல் ஒன்று. ஆங்கிலத்தில் ஒரு சொல் இருந்தால் தமிழிலும் ஒன்றே இருக்க வேண்டும் என்ற பிடிவாதம் அந்தப் பட்டியலிலிருந்துதான் வருகிறது. ஒருமுறையாவது தமிழ் மெனுவில் ஃபோனைப் பயன்படுத்தியவர் அதைத் தயாரித்திருந்தால் இது நடந்திருக்காது.

கடவுச்சொல்லுக்குப் ‘புதிதாக அமை’, நெட்வொர்க்குக்குத் ‘தொடக்கநிலைக்குத் திருப்பு’, ஃபேக்டரி ரீசெட்டுக்கு ‘அனைத்தையும் அழி’ என்று வைக்கலாம். கடைசிச் சொல் பயமுறுத்துகிறது என்பார்கள். பயமுறுத்தட்டும். தூய தமிழ் வேண்டாம் என்றால் ‘ரீசெட்’ என்றே எழுதிவிடலாம். புரியாத ஆங்கிலம் கையைத் தயங்க வைக்கும், தப்பாகப் புரிந்த தமிழ் தட்ட வைத்துவிடும்.

அதுவரை திரையைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். எந்த ஃபோனின், எந்தத் தேதி நகல் என்று கேட்டு, பழைய ஃபோனின் பூட்டு எண்ணைக் கேட்டால் அது ரெஸ்டோர். உள்நுழைந்திருக்கும் கணக்குகளைக் காட்டி, கையில் இருக்கும் ஃபோனின் பூட்டு எண்ணையே கேட்டால் அது அழிப்பு.